விவரம் எழுதக் கூசும் இடம்

வாசகர் கேள்விகளும் பதில்களும்

எனக்குக் கணக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பெரியவர் பர்மாவில் செட்டியார் வட்டிக்கடை ஒன்றில் அடுத்தாளாக, அதாவது முதல் ஆளுக்கு உதவியாளாக இருந்து, 1942-ல் யுத்தத்துக்குத் தப்பி ஊர் வந்து சேர்ந்தவர். பேரேட்டைத் திறந்தால் வரவையோ பற்றையோ பார்க்காமல், தொகை எதற்காக என்று எழுதியிருக்கும் விவரத்தைத்தான் அவர் முதலில் படிப்பார் என்றும், “எழுதக் கூசுகிற விவரம் இருந்தா அந்தத் தொகையத் தொடாதே” என்பார் என்றும் சென்ற இதழில் ஏதோ ஒரு பதிலுக்கு நடுவே குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, மனச்சாட்சியைப் பற்றிக் கேட்டு இம்மாதம் ஒரு கட்டுக் கடிதங்கள் வந்துவிட்டன. சொந்த வாழ்க்கையிலிருந்து எழுதியவர்களுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். ‘மனச்சாட்சி என்பது கடவுளா, மூளையா?’ என்று கேட்ட இருவர் என்னைப் பொறுத்தருள வேண்டும். அது என் தகுதிக்கு மேற்பட்ட வழக்கு.

கேள்வி: செட்டிநாட்டு வீடுகளில் பழம்பொருள்களை வாங்கி, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்குக் கொடுக்கும் தொழில் செய்கிறேன். பள்ளத்தூர்ப் பக்கம் பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஆச்சி ஒருவர், சட்டமிட்ட பழைய இலட்சுமி படம் ஒன்றை எடுத்து வந்து, “என்ன பெறும்னு நீயே பாத்துக் குடப்பா” என்றார். 800 ரூபாய் கொடுத்தேன். சேலைப் பகுதியில் ஜரிகை வைத்துத் தைத்த படம் அது. மறு வாரமே 14,000 ரூபாய்க்குப் போயிற்று. வியாபாரம் என்றால் அப்படித்தான் என்கிறார்கள் கூட்டாளிகள். இப்போது இரண்டாம் கட்டில் பூட்டிக் கிடக்கும் அறையைத் திறக்கப் போவதாகவும், என்னைத்தான் வரச் சொன்னதாகவும் அந்த ஆச்சி ஆள் விட்டிருக்கிறார். போக மனம் வரவில்லை. நான் செய்தது தவறா?
– ஒரு வியாபாரி, காரைக்குடி

பதில்: வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் நடுவே இருக்கும் தூரத்தை மட்டும் வைத்து உங்களைக் குற்றவாளியாக்க எனக்கு விருப்பமில்லை. இரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கிய பின் கல்லச்சுப் படங்கள் பூசையறைகளுக்குப் பரவின. அவற்றின் மேல் துணியும் ஜரிகையும் மணியும் வைத்துத் தைத்து அழகு பார்ப்பது அந்தக் காலத்து வழக்கம். உங்கள் கைக்கு வந்தது அந்த அச்சகத்துப் படம்தானா, பிற்காலத்து நகலா, ஜரிகை அன்றைக்குத் தைத்ததா, விற்பதற்காக நேற்று ஒட்டியதா என்றெல்லாம் ஒரே பார்வையில் சொல்வதற்கு உங்கள் கண் எத்தனை ஆண்டுகள் பழகியிருக்க வேண்டும். அந்தப் பழக்கத்துக்கு விலை உண்டு. அலைச்சலுக்கும், வண்டிச் சத்தத்துக்கும், கரையான் அரித்த சட்டத்தை நல்ல சட்டம் என்று நம்பி வாங்கி நட்டப்பட்ட நாள்களுக்கும் சேர்த்துத்தான் ஒரு வியாபாரி இலாபம் வைக்கிறார்.

ஆனால், உங்கள் கட்சியை மட்டும் சொல்வதென்றால் தேவையே இல்லாத ஒரு வாசகத்தை நீங்கள் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். ‘ஆச்சியிடம் 800-க்கு வாங்கினேன்’ என்று எழுதியிருந்தால் போதுமே. “நீயே பாத்துக் குடப்பா” என்று அவர் சொன்னதை, அவர் சொன்ன சொல் மாறாமல், மேற்கோள் குறிக்குள் எழுதியிருக்கிறீர்கள். அதை எழுதும்படி யாரும் உங்களைக் கேட்கவில்லை. மனச்சாட்சியைப் பெரும்பாலோர் நீதிபதி என்று எண்ணிக்கொண்டு, தீர்ப்பு எப்போது வரும் என்று காத்திருக்கிறார்கள். நம் மொழி அதற்குச் சாட்சி என்றுதான் பெயர் வைத்திருக்கிறது. கண்டதைச் சொல்வதோடு சாட்சியின் வேலை முடிந்தது. உங்களுடைய சாட்சி அந்த ஒரு வாசகத்தில் தான் கண்டதைச் சொல்லிவிட்டது.

ஆச்சி தாமாகவே ‘ஆயிரம் ரூபாய் கொடு’ என்று விலை சொல்லி, நீங்கள் எண்ணூறுக்குப் பேசி முடித்திருந்தால் அது இரண்டு பேர் பேசிய பேரம். விலை தெரியாமல் சொன்னது அவர் பாடு என்று, மனம் ஒப்பாவிட்டாலும், வாதாடலாம். ‘நீயே பார்த்துக் கொடு’ என்று அவர் சொன்ன கணத்திலோ நீங்கள் வெறும் வாங்குகிறவராக இல்லாமல், அவருக்காக மதிப்புப் போடுகிற ஆளாகவும் ஆகிவிட்டீர்கள். அவர் கேட்டது உங்கள் பணத்தை மட்டுமன்று, உங்கள் கண்ணையும் கேட்டார். அந்தக் கண்ணை மறைத்துவிட்டுப் பணத்தை மட்டும் நீட்டினீர்கள். பெரியவர் சொன்ன முறைப்படி இதற்கு விவரம் எழுதிப் பாருங்கள்: ‘இலட்சுமி படம் 1-க்கு ரூ. 800’ என்று எழுதினால் கை ஓடும். ‘விலை தெரியாமல் என்னை நம்பிக் கேட்டவருக்கு, தெரிந்தும் சொல்லாமல் கொடுத்தது ரூ. 800’ என்று எழுதினால் எந்தச் சொல்லில் பேனா நிற்கிறதோ, போக மனமில்லாமல் உங்கள் கால் நிற்பதும் அந்தச் சொல்லில்தான்.

செட்டிநாட்டு வணிகச் சமூகத்தாரான நகரத்தார் தங்கள் முன்னோரின் ஊர் என்று சொல்லும் காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் பட்டினப்பாலை புகழும்போது, கொள்வதை மிகையாகக் கொள்ள மாட்டார்கள் என்று முதலில் சொல்லிவிட்டுப் பிறகுதான், கொடுப்பதைக் குறைத்துக் கொடுக்க மாட்டார்கள் என்கிறது. எடையில் குறைப்பவனை ஊர் பிடித்துவிடும். கொள்முதலில் கூடுதலாக எடுப்பதைப் பார்க்க வெளியே ஒருவரும் இல்லை. அதனால்தான் கொள்முதல் முதலில் வந்ததோ என்று எனக்கு ஓர் எண்ணம். புலவர்கள் இதை ஒப்புவார்களா என்பது வேறு.

இனிச் செய்ய வேண்டியது. போங்கள். பூட்டைத் திறக்கும் முன்பு படத்தின் பேச்சை எடுத்து, என்ன விலைக்குப் போனது என்பதைச் சொல்லி, உங்கள் செலவும் நியாயமான இலாபமும் போக மீதியை வெற்றிலைத் தட்டில் வைத்துக் கொடுத்துவிடுங்கள். ஆச்சி வைவார். வையட்டும். அடுத்த சாமான்களை விலைக்கு வாங்காமல், விற்றுக் கொடுத்துக் கமிஷன் எடுத்துக்கொள்வதாகப் பேசுங்கள். பீங்கான் சாடியோ மரவைப் பாத்திரமோ எவ்வளவுக்குப் போனது என்று சீட்டில் எழுதிக் காட்டுங்கள். ஒன்றில் மட்டும் மனச்சாட்சியைக் கேட்க வேண்டியதே இல்லை: அறைக்குள் நூறாண்டுக்கு மேற்பட்ட உலோகச் சிலையோ கற்சிலையோ இருந்தால், அதைப் பதிவு செய்ய வேண்டும் என்றும் நாட்டைவிட்டு வெளியே அனுப்பக் கூடாது என்றும் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டமே சொல்லிவிட்டது.

கேள்வி: பேருந்தில் நடத்துநர் பத்து ரூபாய் கூடுதலாகக் கொடுத்துவிட்டார். தேவகோட்டையில் இறங்கி வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன். இதற்கெல்லாம் மனச்சாட்சியா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: இரவு பணிமனையில் கணக்கு ஒப்படைக்கும்போது குறைகிற அந்தப் பத்து ரூபாயை அவர் தம் சட்டைப் பையிலிருந்து எடுத்து வைத்திருப்பார். அதே தடத்தில் இந்த வாரமே மறுபடியும் அவரைப் பார்ப்பீர்கள், கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: சேலைக்கடையில் ஏழு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். விசைத்தறியில் நெய்து வருகிற கட்டம் போட்ட சேலைகளையும் ‘கைத்தறிக் கண்டாங்கி’ என்று சொல்லி விற்கச் சொல்கிறார்கள். வீடுகளைப் பார்க்க வரும் வெளியூர்க்காரர்கள் என் முகத்தைப் பார்த்து நம்பி வாங்குகிறார்கள். வேலையை விட்டால் இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு வழியில்லை. இரவில் தூக்கம் வரவில்லை ஐயா.
– பெயர் வேண்டாம், காரைக்குடி

பதில்: அம்மா, ‘வேலையை விட்டுவிடுங்கள்’ என்று எழுதுவது எனக்கு மிகவும் எளிது, பள்ளிக் கட்டணம் கட்டப்போவது நானல்லவே. அதனால் அறிவுரைக்கு முன்பு என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

இருபத்திரண்டு வயதில் ஓர் அடகுக்கடையில் வட்டிக் கணக்குப் போடும் வேலையில் சேர்ந்தேன். நகையை வைத்த நாளையும் மீட்கிற நாளையும் இரண்டு முழு நாள்களாகச் சேர்த்து எண்ண வேண்டும் என்பது முதலாளியின் கட்டளை. சீட்டிலோ ஒரு நாளை விட்டு எண்ணுவதாகத்தான் அச்சடித்திருக்கும். ஆளுக்கு ஒரு நாள் வட்டி என்பது சில காசுகளே. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எனக்கு உறுத்தியது. மூன்றாம் மாதம் உறுத்தல் போய்விட்டது. சாட்சியை மிரட்டக்கூடத் தேவையில்லை, தினமும் பக்கத்தில் உட்கார வைத்திருந்தாலே அது பொய்ச்சாட்சி சொல்லப் பழகிவிடும் என்பதை அங்கேதான் கண்டேன். ஓர் ஆடி மாதத்துப் பிற்பகலில் புதுவயல் பக்கம் அரிசி ஆலையில் நெல் புடைக்கும் வயதான அம்மாள் ஒருவர், தாலியில் கோத்திருந்த இரண்டு குண்டுகளை மீட்க வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்த நோட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பலகையில் வைத்தார். தலைமயிரில் தவிட்டுத் தூள் அப்படியே இருந்தது. கடைசியில் சில்லறை குறைந்தது. குறைந்தது ஏறக்குறைய அந்த ஒரு நாள் வட்டி. தெருவுக்குப் போய் யாரிடமோ கைமாற்று வாங்கி வந்து வைத்துவிட்டு, “கணக்கு சரியாத்தானே இருக்கு தம்பி?” என்று கேட்டார். “சரிதான் ஆத்தா” என்றேன்.

கட்டளை முதலாளியுடையது, இலாபமும் முதலாளியுடையது. ‘சரிதான்’ என்ற சொல் மட்டும் என்னுடையது. அதன் பிறகு அதே கடையில் இன்னும் ஏழு மாதங்கள் இருந்தேன். மறுநாளே வேலையை உதறிவிட்டு வந்தேன் என்று எழுத எனக்கும் ஆசைதான், நடந்தது அப்படியில்லை. நான் அன்றிலிருந்து செய்ததெல்லாம், யாராவது ‘சரியா?’ என்று கேட்டால், “முதலாளி முறைப்படி போட்டிருக்கு, சீட்டப் பாத்துக்கங்க” என்று சொன்னதுதான். இதை வீரம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் இரண்டு மூன்று பேர் சீட்டைப் பார்த்தார்கள், பேசினார்கள், முதலாளி அவர்களுக்குக் கணக்கைத் திருத்திக் கொடுத்தார்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியதும் அந்த அளவுதான். காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டதால், இந்தப் பெயரைச் சொல்லி வேறொன்றை விற்பது வெறும் வாய்ச்சாதுரியம் என்ற நிலையைத் தாண்டிவிட்டது. இதை உங்கள் முதலாளியிடம், மற்றவர்கள் இல்லாத நேரத்தில், அவருக்கே ஆபத்து என்ற முறையில் ஒரு தடவை சொல்லுங்கள். ஒரு தடவை போதும். அடுத்து, இரண்டு வகைச் சேலைகளையும் வேறு வேறு அடுக்காக வைத்துக்கொள்ளுங்கள். விசைத்தறிச் சேலையை அதன் குணத்தைச் சொல்லியே விற்கலாம்: விலை குறைவு, துவைப்பது எளிது, அலுவலகத்துக்குக் கட்டலாம். கைத்தறியைக் காட்டும்போது கரையோரத்தை விரித்துக் காட்டுங்கள். நெய்யும்போது துணியை இழுத்துப் பிடிக்கிற கம்பின் முள் பட்ட சிறு துளைகள் பெரும்பாலும் அங்கே தெரியும், கட்டங்களும் அச்சுக் குத்தியதுபோல ஒரே சீராக இரா. இதைப் பார்த்துப் பழகிய கண், அடுத்த சேலையையும் தானாகவே விரித்துப் பார்க்கும். உங்களை நேரே நோக்கி ‘இது கைத்தறிதானே?’ என்று ஒருவர் கேட்டால் மட்டும் பொய் சொல்லாதீர்கள். கேட்காதவரிடம் பேசாமல் இருப்பதும் முழுச் சுத்தம் ஆகாது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வேறு கடையில் இடம் தேடிக்கொண்டே இருங்கள். கண்டாங்கியின் கரையைப் பார்த்துச் சொல்லத் தெரிந்த ஆள் இந்த ஊரில் எந்தக் கடைக்கும் வேண்டியவர்தான்.

கேள்வி: பல்கலைக்கழகத்தில் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அயித்தை மகனுக்கே என்னைக் கொடுப்பதென்று வீட்டில் பேசிவிட்டார்கள். அப்பச்சியின் (அப்பாவின்) உடல்நிலையை எண்ணிச் சரி என்று சொல்லிவிட்டேன். ஆனால் உள்ளுக்குள் ஏதோ ஒன்று ‘வேண்டாம், வேண்டாம்’ என்கிறது. இது மனச்சாட்சியா, வெறும் பயமா?
– மாணவி, காரைக்குடி

பதில்: மகளே, நீங்கள் சொல்கிற அளவில் எனக்கு அது இரண்டுமாகவும் தோன்றவில்லை. அது உங்கள் விருப்பம். விருப்பமின்மைக்கு மனச்சாட்சி என்று பெயர் வைத்தால்தான் பெரியவர்கள் மதிப்பார்கள் என்று நினைக்கும் நிலையில் நம் பெண்களை வைத்திருக்கிறோம் என்பது என் தலைமுறையின் குறை. ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்பதே போதுமான காரணம். அதற்கு அறத்தின் முத்திரை வேண்டியதில்லை. உறவு முறையில் மணம் செய்துகொள்வதைப் பற்றி மருத்துவர்கள் சொல்கிற காரணங்களும் இருக்கின்றன, ஆனால் அவற்றின் பின்னால் ஒளிந்துகொள்ளாதீர்கள்.

மனச்சாட்சிக்குரிய கேள்வி இந்தக் கதையில் வேறோர் இடத்தில் கிடக்கிறது. கடிதத்தில் அப்பச்சி வருகிறார், வீட்டார் வருகிறார்கள், அயித்தை வருகிறார். அந்தப் பையனின் மனம் எங்கேயும் வரவில்லை. நீங்கள் மனமொப்பிச் சம்மதித்ததாக எண்ணிக்கொண்டு அவர் இருப்பார். இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்தம் எழுதுகிற நாள்வரை அவரை அந்த எண்ணத்திலேயே விட்டுவைப்பது, உங்கள் பயத்துக்கான விலையை அவர் தலையில் கட்டுவதாகும். அப்பச்சியிடம் பேசத் துணிவு வருவதற்கு முன்னாலேயே அவரிடம் பேசிவிடுங்கள். முறைப் பையன் என்பதால் தொலைபேசியில் பேசுவதற்கு யாரும் தடை சொல்ல மாட்டார்கள். அவரும் வீட்டுக்குப் பயந்து ‘சரி’ என்று சொல்லியிருந்தால் வியப்பதற்கில்லை.

கேள்வி: கோட்டையூர்ப் பக்கம் எங்கள் ஐயா (தாத்தா) கட்டிய வீடு. இன்றைக்கு 24 பங்கு. தூண்களும் நிலைகளும் பர்மாத் தேக்கு. பிரித்து விற்றுவிடலாம் என்று பங்காளிகள் பெரும்பாலோர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். முன்னோர் வீட்டை உடைக்க என் மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை. நான் மட்டும் மறுத்து நிற்கிறேன். அங்கேயே குடியிருக்கும் ஒன்றுவிட்ட அண்ணன்கூட என்னைப் பகையாளியாகப் பார்க்கிறார். மனச்சாட்சிப்படி நடப்பவனுக்கு இதுதான் கிடைக்குமா?
– வாசகர், சிங்கப்பூர்

பதில்: ஐயா, செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. உலகம் வந்து பார்க்க விரும்புகிற வீடுகளை நாமே மரக்கடைக்கு அனுப்புவது எனக்கும் வயிற்றெரிச்சல்தான். அந்த வகையில் நான் உங்கள் கட்சி.

ஆனாலும் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். வீட்டைப் பற்றிய உணர்ச்சி நிறைய இருக்கிறது. வீட்டுக்கு நீங்கள் கடைசியாக எப்போது பணம் அனுப்பினீர்கள் என்பது இல்லை. வளவு என்னும் உள்முற்றத்தைச் சுற்றிய அறைகளில் யாராவது ஒருவர் மழைக்கு முன்பு ஆள் விட்டு உடைந்த ஓட்டை மாற்ற வேண்டும். முற்றத்துத் தண்ணீர் போகிற வழியில் சருகு அடைக்காமல் பார்க்க வேண்டும். உத்திரத்தில் கரையான் புற்று ஏறியிருக்கிறதா என்று விளக்குப் பிடித்துத் தேட வேண்டும். ஒழுகுகிற இடத்தில் பாத்திரம் வைத்துவிட்டுப் படுக்கிறவர் உங்கள் அண்ணன். உங்கள் மனச்சாட்சி வீட்டை உடைக்காதே என்று சொல்கிறது, சரி. அதற்கான செலவு மட்டும் அவர் பற்றில் ஏறிக்கொண்டே இருக்கிறது. அடுத்தவர் கணக்கில் வாழ்கிற மனச்சாட்சியைச் சந்தேகப்பட வேண்டும் என்றே நான் சொல்வேன். ஒருவேளை அது பிள்ளைப் பருவத்து நினைவுகளின் மேல் உள்ள பிரியமாக இருக்கலாம். பிரியம் தவறில்லை. அதற்கு வேறு பெயர் வைத்துக்கொண்டு அண்ணனைக் குற்றவாளியாக்குவதுதான் தவறு.

பங்காளிகளிடம் இரண்டு ஆண்டு தவணை கேளுங்கள். அந்த இரண்டு ஆண்டுக்கும் பராமரிப்புச் செலவில் உங்கள் 24-இல் ஒரு பங்கை மட்டும் கொடுப்பதாகச் சொன்னால் யாரும் ஏற்க மாட்டார்கள். மறுத்து நிற்பவர் நீங்கள் ஒருவர்தான் என்பதால் முழுவதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். அதற்குள் வீட்டைத் தங்கும் விடுதியாக நடத்த யாராவது முன்வருகிறார்களா, பங்கை விற்க விரும்புகிறவர்களிடமிருந்து நீங்களே வாங்கிக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். இரண்டும் நடக்காவிட்டால் கையெழுத்துப் போட்டுவிடலாம்.

ஐப்பசி மழைக்கு முன்பு ஓடு மாற்றியாக வேண்டும். அண்ணனுக்கு இந்த வாரமே கடிதம் எழுதுங்கள். வீட்டின் பெருமையை அதில் எழுத வேண்டாம், அவருக்குத் தெரியும். எவ்வளவு அனுப்புகிறீர்கள் என்பதை முதல் வரியில் எழுதுங்கள்.